கணையச் செல்லின் புரதச் சுரப்பும் தெற்குத் திருவிதாங்கூரின் கணையக் கல் நோயும்

கணையப் புரதச் சுரப்பு என்பது, செரிமான நொதிகளைக் கணையத்தின் செல்கள் உருவாக்கி, வகை பிரித்து, பொதிந்து, குடலுக்கு அனுப்பும் தொடர்செயல். உடலின் எல்லாச் செல்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் புரதங்களை வெளியேற்றுகின்றன. அந்த வழி முதன்முதலில் படிப்படியாக வெளிப்பட்டது கணையச் செல்லில்தான். அதே செல்லைத் தாக்கும் வெப்பமண்டலக் கணைய அழற்சி என்னும் நோய் உலகில் மிகுதியாகப் பதிவான இடங்களுள் ஒன்று பழைய திருவிதாங்கூர் நாடு. இன்று கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள பாறசாலை, செங்கல், காரோடு முதலிய எல்லை ஊர்களும், தமிழ்நாட்டின் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களும் அந்நாட்டின் தென்பகுதியாக இருந்தவை. சுரப்பு வழியின் ஆய்வும் இந்நோயின் ஆய்வும் பல பத்தாண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி மரபணு ஆய்வுகள் இரண்டையும் இணைத்தன.

உறுப்பும் செல்லும்

இரைப்பையின் பின்புறம், முதுகெலும்பின் குறுக்கே, சுமார் 15 செ.மீ. நீளத்தில் கணையம் கிடக்கிறது. அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் செல் கூட்டங்கள் இன்சுலினை நேராக இரத்தத்தில் சேர்க்கின்றன. எஞ்சிய பெரும்பகுதி, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கணையநீரைச் சுரந்து, குழாய் வழியே முன்சிறுகுடலில் விடுகிறது. மாவுப்பொருளுக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கைமோடிரிப்சின் முதலியவை என அந்த நீரில் நொதிகள் நிறைந்திருக்கும். எடைக்கு எடை பார்த்தால், புரதம் தயாரிப்பதில் கணையத்தை மிஞ்சிய உறுப்பு உடலில் இல்லை.

நொதி சுரக்கும் செல் கூம்பு வடிவமானது. அகன்ற அடிப்பகுதியில் எண்டோபிளாச வலை அடுக்கடுக்காக நிறைந்திருக்கும். நடுவில் கோல்கை உறுப்பும், குறுகிய நுனியில் நொதி நிரம்பிய சுரப்புத் துகள்களும் இருக்கும். தயாரிப்பு ஒரு முனையிலும் வெளியேற்றம் மறு முனையிலும் நடக்கும் இந்த அமைப்பே கணையச் செல்லை ஆய்வாளருக்கு வசதியான பொருளாக்கியது.

புரதம் செல்லும் வழி

ரைபோசோமில் புரதச் சங்கிலி உருவாகத் தொடங்கியதும், அதன் முன்நுனியில் நீரை விலக்கும் தன்மையுள்ள அமினோ அமிலங்களின் சிறு தொடர் ஒன்று வெளிப்படும். இது அடையாளத் தொடர். அதைப் பற்றிக்கொள்ளும் ஒரு துகள், ரைபோசோமை எண்டோபிளாச வலையின் சவ்வுக்கு அழைத்துச் செல்லும். சவ்விலுள்ள நுண்துளை வழியே சங்கிலி உள்ளே நுழையும்போதே அடையாளத் தொடர் வெட்டி நீக்கப்படும். இத்தொடர் இல்லாத புரதங்கள் செல்லின் திரவப் பகுதியிலேயே தங்கிவிடும். வகை பிரித்தலின் முதற்கட்டம் இது.

வலைக்குள் சங்கிலி மடிந்து உருவம் பெறுகிறது. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களிலுள்ள கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து உருவத்தை இறுக்குகின்றன. சரியாக மடியாத புரதம் வலையைத் தாண்ட விடப்படாமல், திரும்ப வெளியே இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படும். மடியாதவை அளவுமீறித் தேங்கினால் செல் நெருக்கடிக்கு உள்ளாகும். நெருக்கடி நீடித்தால் செல் மடியும்.

தேறிய புரதங்கள் நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைகின்றன. இரண்டாவது பிரிப்பு இங்கே நடக்கிறது. செல்லின் கழிவுகளைச் செரிக்கும் லைசோசோமுக்குரிய நொதிகளில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்னும் சர்க்கரை முத்திரை சேரும். முத்திரை பெற்றவை ஏற்பிகளால் பிடிக்கப்பட்டு லைசோசோமுக்குத் திரும்பும். குடலுக்குரிய நொதிகள் ஒன்றுதிரண்டு, முதலில் அடர்பைகளாகவும் பிறகு முதிர்ந்த சுரப்புத் துகள்களாகவும் ஆகின்றன. உணவு குடலில் இறங்கியதும் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனும் நரம்புத் தூண்டலும் செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துகின்றன. துகள்கள் நுனிச் சவ்வோடு ஒன்றிச் சரக்கைக் குழாய்க்குள் விடுகின்றன.

தான் தயாரிப்பதே தன்னைச் செரித்துவிடும் ஆபத்து இந்தச் செல்லுக்கு எப்போதும் உண்டு. அதனால் டிரிப்சின் உறையிலிட்ட அரிவாள் போல, டிரிப்சினோஜன் என்னும் செயலற்ற வடிவில்தான் தயாராகிறது. குடலை அடைந்த பிறகே அங்குள்ள என்டிரோகைனேஸ் அதைத் திறந்துவிடும். டிரிப்சின் முந்திக்கொண்டு விழித்தால் பிடித்து அடைக்க, ‘ஸ்பிங்க்-1’ என்னும் தடுப்புப் புரதமும் அதே துகளில் ஏற்றப்படுகிறது. டிரிப்சினோஜனைத் திறக்கவல்ல கதெப்சின்-பி என்னும் லைசோசோம் நொதி தனி அறையில் பிரித்து வைக்கப்படுகிறது. வகை பிரித்தல் இங்கே ஒழுங்குக்கான ஏற்பாடு மட்டுமல்ல. செல்லின் உயிருக்கே காவல்.

சுரப்பு வழியின் ஆய்வு வரலாறு

கணையநீர் கொழுப்பைச் செரிப்பதைப் பிரான்சின் குளோத் பெர்னார்டு 1840களின் இறுதியில் காட்டினார். பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் கணையத்தின் தனித் திட்டுகளை விவரித்தார். ருடால்ஃப் ஹைடன்ஹைன் 1875-இல் நாய்களின் கணையத்தை ஆராய்ந்து, உணவுக்குப் பிறகு செல்லின் துகள்கள் குறைவதையும் பின்னர் மீண்டும் நிறைவதையும் கண்டார். துகள்தான் சுரப்பின் சேமிப்பு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. துகள் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய மின்னணு நுண்ணோக்கி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1898-இல் காமிலோ கோல்கி நரம்புச் செல்களில் கண்ட வலையமைப்பு (பின்னர் அவர் பெயரால் கோல்கை உறுப்பு எனப்பட்டது) உண்மையா, சாயத்தால் வந்த மாயையா என்ற வாதம் அரை நூற்றாண்டு நீடித்தது.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்பர்ட் குளோட், கீத் போர்ட்டர், ஜார்ஜ் பலாடி ஆகியோர் மின்னணு நுண்ணோக்கியால் செல்லை ஆராயும் பணியைத் தொடங்கினர். பலாடி 1955-இல் விவரித்த நுண்துகள்கள் பின்னர் ரைபோசோம் எனப் பெயர் பெற்றன. அவரும் பிலிப் சீகெவிட்சும் கினிப்பன்றியின் கணையத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டனர். 1967-இல் ஜேம்ஸ் ஜேமிசனும் பலாடியும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. கணையத்தை மெல்லிய வில்லைகளாகச் சீவி, கதிரியக்க லியூசின் கலந்த கரைசலில் மூன்று நிமிடம் வைத்தார்கள். பிறகு கதிரியக்கமற்ற கரைசலுக்கு மாற்றி, வெவ்வேறு நேரங்களில் வில்லைகளை எடுத்து, கதிரியக்கம் எங்கே இருக்கிறது என்று ஒளியுணர் படலத்தில் பார்த்தார்கள். மூன்று நிமிட முடிவில் அது எண்டோபிளாச வலையில் இருந்தது. மேலும் 7 நிமிடத்தில் கோல்கையின் ஓரத்துக்கும், 37 நிமிடத்தில் அடர்பைகளுக்கும், 117 நிமிடத்தில் சுரப்புத் துகள்களுக்கும் நகர்ந்திருந்தது. ஒரு புரதத்தின் பயணம் நிமிடக் கணக்கில் அளக்கப்பட்டுவிட்டது. குளோட், பலாடி ஆகியோரோடு லைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டூவேயும் 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வழி தெரிந்தது; எந்தப் புரதம் எந்த வழியில் போக வேண்டும் என்பதை எது சொல்கிறது என்ற கேள்வி எஞ்சியது. புரதத்திலேயே அக்குறிப்பு எழுதப்பட்டிருக்கலாம் என்று குந்தர் பிளோபலும் டேவிட் சபட்டினியும் 1971-இல் ஊகித்தனர். 1972-இல் சீசர் மில்ஸ்டைன் குழு, எதிர்ப்புப் புரதத்தின் ஒரு சங்கிலி முதலில் சற்று நீளமாக உருவாவதைக் கண்டது. 1975-இல் பிளோபலும் பெர்ன்ஹார்டு டோபர்ஸ்டைனும் சோதனைக்குழாயிலேயே அடையாளத் தொடரின் வேலையை நிகழ்த்திக் காட்டினர். இத்தகைய சோதனைகளுக்கான சவ்வுத் துணுக்குகள் நாயின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தன. பிளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நுண்பைப் போக்குவரத்தின் கருவிகள் இரு வேறு திசைகளிலிருந்து வெளிப்பட்டன. பெர்க்லியில் ராண்டி ஷெக்மனும் பீட்டர் நோவிக்கும் ஈஸ்ட்டில் சுரப்பு தடைப்பட்ட வகைகளைத் தேடினர். புரதம் வெளியேறாமல் தேங்கிய ஈஸ்ட் செல் அடர்த்தி கூடிக் கனக்கும். அந்தக் கனத்தை வைத்தே அவற்றைப் பிரித்தெடுத்து, 1980-இல் சுரப்புக்குரிய 23 மரபணுக்களை அடையாளம் கண்டனர். ஜேம்ஸ் ராத்மன் கோல்கைப் போக்குவரத்தைச் செல்லுக்கு வெளியே சோதனைக்குழாயில் நடத்தினார். அவர் குழுவில் இருந்த இந்திய வம்சாவளி ஆய்வாளர் விவேக் மல்ஹோத்ரா, நுண்பைகள் சவ்வோடு ஒன்றத் தேவையான ‘என்எஸ்எஃப்’ என்னும் புரதத்தின் பங்கைக் காட்டிய 1988ஆம் ஆண்டு ஆய்வின் முதன்மை ஆசிரியர். ஷெக்மன், ராத்மன், தாமஸ் சூட்ஹாஃப் மூவரும் 2013-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தெற்குத் திருவிதாங்கூரில் நோய்

கணையக் குழாயில் பல கற்கள் கொண்ட நாட்பட்ட அழற்சியை எம். ஜி. கினி 1937-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் விவரித்தார். இந்தியாவிலிருந்து வந்த தொடக்கக் குறிப்புகளுள் அது ஒன்று. இந்தோனேசியாவில் பி. ஜே. சூய்டெமா, சத்துக்குறைவான ஏழை நோயாளிகளிடம் கணையம் சுருங்கிச் சுண்ணம் படிவதை 1955-இலும் 1959-இலும் பதிவு செய்தார். இதைத் தனி நோயாக நிலைநாட்டியதில் பெரும்பங்கு கேரளத்துக்கு உரியது. மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் தம் துணையாசிரியர்களோடு 1962-இல் இந்திய மருத்துவர் சங்க இதழில் எழுதிய கட்டுரையும், 1968-இல் மும்பையிலிருந்து வெளிவந்த அவருடைய நூலும் உலக மருத்துவர்களின் கவனத்தை இந்தப் பகுதிக்குத் திருப்பின. அவர் சேர்த்த நோயாளர் தொகுப்பு உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. 1962ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான சி. எஸ். பிச்சுமணி பின்னர் அமெரிக்காவில் கணைய மருத்துவ வல்லுநராக விளங்கினார்.

நோயின் போக்கு இது: பத்துப் பன்னிரண்டு வயதில் மேல்வயிற்றில் வலி தொடங்கும். வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் வலியைப் பூச்சி என்றும் வாயு என்றும் வீட்டில் நினைப்பதுண்டு. பிறகு மலம் எண்ணெய் மிதக்கும்படி வெளுத்துப் போகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இருபது வயதையொட்டிச் சர்க்கரை நோய் வெளிப்படும். மது இதில் சம்பந்தப்படுவதில்லை. வயிற்றுவலி சிறுவயதிலும், நீரிழிவு பருவ வயதிலும், சாவு நடுவயதுக்கு முன்பும் வருவதே அக்காலத்தில் இந்நோயின் இலக்கணமாக இருந்தது.

நோயை உறுதிசெய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண வயிற்று எக்ஸ்ரேயில், இடுப்பு முள்ளெலும்புகளில் முதல் இரண்டின் இருபுறமும் வெள்ளை வெளேரென்று கற்கள் தெரியும். அவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மதுவால் வரும் அழற்சியில் கற்கள் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். இந்நோயில் பெரிய கற்களாகக் குழாய்க்குள்ளேயே வரிசைகட்டி நிற்கும்.

இந்த நீரிழிவுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. நோயாளி மெலிந்தவர், சர்க்கரை மிக உயர்ந்திருக்கும், இன்சுலின் ஊசி வேண்டியிருக்கும். ஆனாலும், சிறுவயதில் வரும் முதல் வகை நீரிழிவைப் போல இரத்தம் அமிலமாகி மயக்கம் வருவது அரிது. திட்டுகளில் இன்சுலின் சுரப்பு கொஞ்சம் எஞ்சியிருப்பது அதற்கு ஒரு காரணம். சென்னை இராயபுரத்தில் எம். விஸ்வநாதன் நிறுவிய நீரிழிவு மருத்துவமனையில் அவரும் வி. மோகனும் இதை விரிவாக ஆராய்ந்தனர். உலகச் சுகாதார நிறுவனம் 1985-இல் இதற்கு ‘ஃபைப்ரோகால்குலஸ் கணைய நீரிழிவு’ எனப் பெயரிட்டு, சத்துக்குறைவு நீரிழிவின் ஒரு பிரிவாக வகைப்படுத்தியது. 1999ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ‘சத்துக்குறைவு நீரிழிவு’ என்ற தலைப்பே நீக்கப்பட்டு, இது கணைய நோய்களால் வரும் நீரிழிவுகளின் கீழ் வைக்கப்பட்டது. காரணம் பற்றிய கருத்து மாறியதை அந்த இடமாற்றம் காட்டுகிறது.

மரச்சீனி விவாதம்

முதலில் குற்றவாளிக் கூண்டில் நின்றது மரவள்ளி. பாறசாலையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரச்சீனி என்றும், வடக்கே போகப் போகக் கப்பை என்றும் வழங்குவது. பழைய திருவிதாங்கூர் முழுதும் அதைப் பரப்ப ஊக்கம் தந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா. இரண்டாம் உலகப்போரில் 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, ஏழை வீடுகளின் முதன்மை உணவாகவே அது ஆயிற்று. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் இப்பயிரின் முக்கியத்துவத்தாலேயே.

மரச்சீனியில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. கிழங்கின் திசு சிதையும்போது அது பிரிந்து சயனைடை விடுவிக்கும். கசப்பு வகைகளில் இது அதிகம். வழிவழியான சமையல் முறை இந்த நஞ்சைப் பெருமளவு களைந்துவிடும்: தோலுரித்து, துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கொதித்த நீரை வடித்துக் கொட்டிய பிறகே தேங்காயோடு மசிப்பார்கள். நீரில் கரையும் லினமாரின் வடிநீரோடு போய்விடும். எஞ்சும் சிறிதளவு சயனைடை உடல் கந்தகத்தோடு சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றும். அந்தக் கந்தகம் மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களிலிருந்து வர வேண்டும். மீனோ பருப்போ இல்லாமல் வெறுங்கிழங்கை உண்பவருக்கு இவை குறைவு. இந்தக் குறைவில் சயனைடு கணையத்தைப் பாழாக்குகிறது என்ற கருதுகோளை டி. இ. மக்மில்லனும் கீவர்கீஸும் 1979-இல் முன்வைத்தனர். நோய் மிகுந்த இடமும் மரச்சீனி மிகுந்த இடமும் ஒன்றாக இருந்ததால் அது எளிதில் ஏற்கப்பட்டது.

எதிர்ச்சான்றுகள் மெல்லச் சேர்ந்தன. மரச்சீனியே உண்ணாத பகுதிகளிலிருந்தும் இதே நோயோடு ஆட்கள் சென்னை மருத்துவமனைகளுக்கு வந்தனர். வட இந்தியாவிலும் நோய் இருப்பது தெரியவந்தது. எம். நரேந்திரநாதனும் செரியனும் 1994-இல் வெளியிட்ட திருவனந்தபுரம் ஆய்வு, மரச்சீனி உண்பதற்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை. சென்னையில் டி. சி. மாதங்கி, மோகன் முதலியோர் எலிகளுக்கு நீண்டகாலம் மரச்சீனி கொடுத்துப் பார்த்து, அவற்றுக்குக் கணைய அழற்சியோ நீரிழிவோ வரவில்லை என்று 2000-இல் அறிவித்தனர். சத்துக்குறைவு நோய்க்குக் காரணமா, செரிமானம் கெட்டதன் விளைவா என்ற ஐயமும் வலுத்தது. நொதி சுரக்காதவர் மெலிவது இயல்பே.

பிரிப்பு பிழைக்கும்போது

கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்வதே அழற்சி என்று ஹான்ஸ் கியாரி 1896-இலேயே சொல்லியிருந்தார். உறங்கும் டிரிப்சினோஜனைச் செல்லுக்குள்ளேயே எழுப்புவது எது என்பதுதான் விளங்காமல் இருந்தது. 1980களில் பாஸ்டனில் மைக்கேல் ஸ்டீரும் இந்திய வம்சாவளியினரான அசோக் சலூஜாவும் சோதனை விலங்குகளில் அழற்சியை உண்டாக்கிச் செல்லின் உட்பகுதிகளைப் பிரித்துப் பார்த்தனர். லைசோசோமுக்குப் போயிருக்க வேண்டிய நொதிகள், செரிமான நொதிகளோடு ஒரே பையில் கலந்திருந்தன. கதெப்சின்-பி டிரிப்சினோஜனைத் திறக்க வல்லது என்பது முன்பே தெரியும். ஆக, கோல்கையை ஒட்டி நடக்க வேண்டிய பிரிப்பு குலைந்ததே நோயின் தொடக்கம் என்று அவர்கள் வாதிட்டனர். கதெப்சின்-பி மரபணு நீக்கப்பட்ட எலிகளில் டிரிப்சினோஜன் விழிப்பதும் கணையச் சேதமும் குறைவாக இருப்பதை 2000-இல் ஜெர்மன் குழு ஒன்று காட்டியது.

மரபணு ஆய்வுகள்

பரம்பரைக் கணைய அழற்சிக் குடும்பங்களில் டிரிப்சினோஜன் மரபணுவிலேயே மாற்றம் இருப்பதை டேவிட் விட்கோம்பின் குழு 1996-இல் கண்டது. 2000-இல் ஹைகோ விட் தலைமையிலான ஜெர்மன் குழு, தடுப்புப் புரதமான ஸ்பிங்க்-1 மரபணுவில் ‘என்34எஸ்’ என்னும் மாற்றத்தை நோயாளிச் சிறுவர்களிடம் கண்டறிந்தது. இரண்டே ஆண்டுகளில், 2002-இல், இந்தியத் துணைக்கண்டத்து நோயாளிகளை வைத்து மூன்று ஆய்வுகள் வெளிவந்தன. லக்னோவில் ஈஷ் பாட்டியாவின் குழு, ஹைதராபாத் செல்லியல் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஜி. ஆர். சந்தக்கின் குழு, மோகன் பங்கேற்ற பன்னாட்டுக் குழு ஆகியவை தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: நோயாளிகளில் மூன்றிலொருவர் அளவிலோ அதற்கு மேலோ இம்மாற்றம் இருக்கிறது, நோயற்றவர்களில் சில சதவீதத்தினரிடமே உண்டு. டிரிப்சினோஜன் மரபணுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. அரிவாளில் கோளாறில்லை, காவலில்தான் குறை என்பதே இதன் பொருள்.

வகை பிரித்தலின் தடயமும் இந்திய நோயாளிகளிடமே கிடைத்தது. 2006-இல் ஹைதராபாத் குழு, கதெப்சின்-பி மரபணுவில் 26ஆம் இடத்து மாற்றம் ஒன்று நோயோடு சேர்ந்து வருவதாக அறிவித்தது. அந்த இடம் நொதியின் முன்பகுதியில் அமைந்தது. நொதி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அது பாதிக்கலாம் என்று அவர்கள் கருதினர். ஐரோப்பிய நோயாளிகளிடம் இத்தொடர்பு உறுதிப்படவில்லை. 2008-இல் டிரிப்சினைச் சிதைக்கும் கைமோடிரிப்சின்-சி மரபணுவின் குறைபாடுகள் கண்டறியப்பட்டபோது, இந்திய வெப்பமண்டல அழற்சி நோயாளிகளிடமும் அவை தென்பட்டன. 2013-இல் விட் குழு கார்பாக்சிபெப்டிடேஸ் மரபணுவில் கண்ட மாற்றங்கள் வேறொரு வழியைக் காட்டின. இங்கே டிரிப்சினுக்கு வேலையில்லை. மாறிய புரதம் சரியாக மடியாமல் எண்டோபிளாச வலையிலேயே தேங்கி, செல்லை நெருக்கடிக்குள்ளாக்குகிறது.

கல்லும் நாரும்

நோய் முற்றிய கணையம் கையில் எடுத்தால் கயிறு போல இறுகியிருக்கும். காரணம், செல்கள் அழிந்த இடத்தை நிரப்பும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம். அதுவும் ஒரு சுரப்புப் புரதமே. அதைச் சுரப்பவை கணையத்தின் நட்சத்திரச் செல்கள். அவற்றைப் பிரித்தெடுத்து 1998-இல் விவரித்தவர்களுள் சிட்னியின் மினோட்டி ஆப்தே ஒருவர். கொலாஜனின் மும்முறுக்கு வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் முன்வைத்திருந்தனர். அவ்வளவு நீளமான முறுக்கு சாதாரண நுண்பைக்குள் அடங்காது. அப்படியானால் செல் அதை எப்படி வெளியேற்றுகிறது என்ற புதிருக்கு, பார்சிலோனாவில் விவேக் மல்ஹோத்ராவின் குழு 2009-இல் ‘டேங்கோ-1’ என்னும் புரதத்தை விடையின் ஒரு பகுதியாகத் தந்தது. எண்டோபிளாச வலையின் வாயிலில் நின்று கொலாஜனைப் பிடித்து ஏற்றிவிடுவது அதன் பணி.

சிகிச்சை

கெட்டுப்போன கணையச் செல்லைத் திருத்தும் மருந்து இல்லை; அது சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பதே சிகிச்சை. செரிமானத்துக்குப் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதிகள் மாத்திரை உறைகளில் வருகின்றன. அவற்றை உணவோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கிப் பயனில்லை. வலிக்கு, அதிர்வலையால் கல்லை உடைத்து எண்டோஸ்கோப்பி வழியே அகற்றுவதும், குழாயைத் திறந்து குடலோடு இணைக்கும் அறுவையும் உண்டு. இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு என்பதைச் சுரேஷ் சாரி, மோகன், பிச்சுமணி முதலியோரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு காட்டியதால், தொடர்ந்த கண்காணிப்பு அவசியம்.

நீரிழிவுக்கான இன்சுலின் இன்று பெரும்பாலும் நுண்ணுயிர்களில் தயாராகிறது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004-இல் சந்தைக்குக் கொண்டுவந்த மனித இன்சுலின், பிக்கியா என்னும் ஈஸ்ட்டில் உருவானது. இன்சுலினின் முன்வடிவத்தோடு ஓர் அடையாளத் தொடரை ஒட்டிவிட்டால், ஈஸ்ட் அதைத் தன் வலைக்குள் இழுத்து, கந்தகப் பிணைப்புகளோடு மடித்து, கோல்கை வழியே வெளியே விட்டுவிடும். ஷெக்மன் ஈஸ்ட்டில் கண்ட அதே பாதை இங்கே மருந்துத் தொழிலாகியிருக்கிறது.

எல்லை ஊர்களும் இன்றைய நிலையும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் ஒரே செம்மண் மேட்டில், ஒரே உணவும் கலந்த மண உறவுகளும் கொண்ட பாறசாலையும் களியக்காவிளையும் இரண்டு மாநிலச் சுகாதாரக் கணக்குகளில் பிரிந்து விழுகின்றன. 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு இருபுறத்து நோயாளிகளும் செல்வது நெடுநாள் வழக்கம். ஆகவே அம்மருத்துவமனையின் பதிவுகளில் உள்ள ‘கேரள நோய்’ என்பது மாநில எல்லைக்குள் அடங்கியதன்று.

நோயின் முகமும் மாறிவிட்டது. கேரளத்தில் 1970களின் நடுவில் மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த மரச்சீனிப் பரப்பு பின்னர் வெகுவாகச் சுருங்கி, பல மேடுகளில் ரப்பர் ஏறியது. வெறுங்கிழங்கில் பசியாறிய தலைமுறை போயிற்று. வி. பாலகிருஷ்ணன் முதலியோர் நாடு முழுவதும் 1,086 நாட்பட்ட கணைய அழற்சி நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, பழைய இலக்கணப்படி ‘வெப்பமண்டல’ வகை எனத்தக்கவர்கள் 3.8 சதவீதமே. அவர்களையும் சேர்த்து, காரணம் தெரியாத வகையினர் சுமார் 60 சதவீதம். மதுவால் வந்தவர்கள் 39 சதவீதத்துக்கு அருகில். மெலிந்த சிறுவனும் எலும்பும் தோலுமான இளைஞனும் இப்போது அரிதாகவே தென்படுகின்றனர். நோய் தாமதமாக, மென்மையாக வருகிறது. நோயாளிகள் நீண்டகாலம் வாழ்கின்றனர்.

மரபணு கிடைத்ததால் பழைய விவாதம் முற்றாக முடிந்துவிடவில்லை. என்34எஸ் மாற்றம் உடைய பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. மேலும், ஆய்வகத்தில் சோதித்தபோது, மாறிய ஸ்பிங்க்-1 புரதம் இயல்பானதைப் போலவே சுரக்கப்பட்டது. டிரிப்சினையும் அதேபோலத் தடுத்தது. அதனோடு சேர்ந்தே மரபில் வரும் வேறொரு மாற்றம் புரதத்தின் அளவைக் குறைக்கிறதா என்று ஆராயப்படுகிறது. மரபணு பலவீனம் ஓர் அடி, அதன்மேல் இன்னொன்று சேர்ந்தால்தான் நோய் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அந்த இரண்டாவது அடி உணவுக்குறைவா, சூழல் நச்சா, வேறொரு மரபணுவா என்பது முடிவாகவில்லை. மரச்சீனி குறைந்து, ஊட்டம் கூடி, அதே மரபணுக்கள் தொடரும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு மக்களிடையே நோய் தணிந்து வந்த விதமே, மரபணு மட்டும் போதாது என்ற வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.